தலைவர் கொடுத்த சம்மதம்

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு மீன்காரப் பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள்தான் ஆரம்பித்தாள்.

“என் புருஷனுக்கு நான் பாடுன ஒப்பாரி, இப்போ எவனோ ஒருத்தனோடதாம்க்கா.”

“இன்னாடி சொல்ற?”

“சாவு வூட்டுல ஒருத்தன் வந்து படம் புடிச்சானே, அவன் அதை ஏதோ பாட்டு கம்பெனிக்குக் குடுத்துட்டான். வருஷ திதிக்கு என் பொண்ணு அதையே நெட்ல போட்டா. தூக்கிட்டானுங்க. அடுத்தவங்க பாட்டை நாங்க திருடிட்டோமாம்.”

“கர்மம். அதுக்குத்தான் பொன்னேரில வக்கீலைப் பாத்துட்டு வர்றியா? இன்னா சொன்னாரு?”

“பாடுனவ சம்மதம் இல்லாம புடிச்சது தப்பு, உரிமை உனக்குத்தான்னாரு. யாராவது சம்மதம் குடுத்தாங்களானு கேட்டாரு. எங்க ஊர் தலைவர் குடுத்தாருனேன். தலையில அடிச்சிக்கிறாருக்கா.”

“ஏன்? ஏரியில யார் எங்க வலை போடணும்னு தலைவர்தானே சொல்றாரு?”

“அதைத்தான் நானும் சொன்னேன். ஏரி ஊரோடது, தொண்டை உன்னோடதுன்றாரு. சம்மதம் குடுத்தது தப்புனு மொதல்ல ஊர் கூட்டத்துல தலைவர் வாயால சொல்ல வைக்கணுமாம்.”

கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டார். இருவரும் திரும்பவில்லை.

“நல்லா சொன்னாரு போ. ஊர் கூட்டத்துல பொம்பளை பேச முடியுமா? எழுந்திரிச்சாலே உக்கார வச்சிடுவானுங்க.”

“பேசுனாதானே? நட்ட நடுவுல உக்காந்து ஒப்பாரி வைக்கிறேன். அதுக்கு எவன் சம்மதமும் வேணாம்னு வக்கீலே சொல்லிட்டாரு.”