பாறணைக்கு முன் எடுத்த நிறை

நிதி விண்ணப்பம் எழுதுகிறவனுக்கு முதலில் போவது முதுகு, பிறகுதான் கண். எனக்கு இரண்டும் போய்விட்டன. ஆகவே நாற்காலியில் ஒரு தலையணையை வைத்துக்கொண்டு இதை ஆறுதலாக எழுதுகிறேன். விசாரணைக் குழுவில் இருக்கும் நீங்கள் மூவரும் விண்ணப்பம் எழுதித் தோற்றவர்கள்தான். பொறுமையாக வாசிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீங்கள் கேட்டது ஒரு திகதியைப் பற்றி மட்டும். ஆய்வில் சேர்ந்த முதியவர்களின் முதல் நிறையை அந்தக் குறிப்பிட்ட காலையில் ஏன் எடுத்தேன் என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன்.

கோப்பாயில் வாடகை வீடொன்றில் இயங்கும் போசாக்கு ஆய்வு நிலையத்துக்கு பிரவீணன் ஆகிய நான்தான் பொறுப்பு. மெலிந்துபோன முதியவர்களுக்காகக் குரக்கனும் பயறும் உளுந்தும் சேர்த்து ஒரு கஞ்சிமா தயாரித்தோம். நல்ல மா. இப்போதும் சொல்கிறேன், நல்ல மா. அதைப் பெரிய அளவில் ஆராய்வதற்கு ஒரு வெளிநாட்டு நிதியத்திடம் நான்கு ஆண்டுகளில் ஐந்து தடவை விண்ணப்பித்தேன். ஐந்து தடவையும் வந்தது ஒரே பதில்: முன்னோடி ஆய்வின் முடிவுகள் போதாது. எட்டுக் கிழமை கஞ்சி குடித்தவர்களுக்குச் சராசரியாக முந்நூறு கிராம்தான் ஏறியிருந்தது. வயதுபோன உடம்பு மெல்ல மெல்லத்தான் தேறும். இதை அந்த மனிதர்களை ஒருநாளும் கண்ணால் காணாதவனுக்கு எத்தனை தரம் எழுதி விளங்கப்படுத்துவது? எனக்கு அலுத்துவிட்டது. ஆறாவது தடவையும் தவறினால் நிலையத்தை மூடுவதென்று முடிவாகியிருந்தது.

பழைய தாள்களைப் புரட்டியபோது ஒருவருக்கு மட்டும் மூன்று கிலோ ஏறியிருந்ததைக் கண்டேன். அவருடைய முதல் நிறை கந்தசஷ்டி முடிந்த காலையில், விரதம் முடித்துச் சாப்பிடுகிற பாறணைக்கு முன் எடுக்கப்பட்டிருந்தது. ஆறு நாளும் தண்ணீரும் மிளகுமாக இருந்த உடம்பு. வற்றினது ஒரு கிழமைக்குள் திரும்பி வந்துவிடும். கஞ்சி குடித்தாலும் வரும், குடிக்காவிட்டாலும் வரும்.

நான் யாரையும் பட்டினி போடவில்லை. அவர்கள் தாங்களாகவே ஆண்டாண்டாகப் பிடிக்கிற விரதம் அது. இணுவிலைத் தெரிவு செய்தேன், அங்கே கந்தசுவாமி கோயிலைச் சுற்றி விரதகாரருக்குக் குறைவில்லை. சேர்க்கும்போது கதையோடு கதையாக, சஷ்டி பிடிக்கிறனீங்களோ என்று கேட்பேன். ஓம் என்றவர்களைச் சேர்த்துக்கொண்டேன். அந்தக் கேள்வி படிவத்தில் இல்லை. வெறும் வயிற்றில் நிறுப்பதுதான் முறை என்று, என்னோடு வேலை செய்யும் ஆரபியிடம் சொன்னேன். அவர் அதை நம்பவில்லை என்பது இன்று உங்களுக்கும் தெரியும். முறைப்பாடு எழுதியது அவர்தானே.

முப்பது பேர் வேண்டும். இருபத்தொன்பது பேர் சேர்ந்திருந்தார்கள். முப்பதாவதாக வந்தவர் நல்லம்மா. அறுபத்தெட்டு வயது. சீனி வருத்தம் என்கிற நீரிழிவு, காலையும் மாலையும் அதற்கு மருந்துக் குளிசை.

"டொக்டர் இந்தமுறை விரதம் வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டார் தம்பி. நீங்கள் என்ன சொல்லுறியள்?"

"உங்கடை உடம்பு உங்களுக்குத் தெரியாதோ அம்மா? நாப்பது வரியமாப் பிடிக்கிறியள்."

அதில் பொய் இல்லை. அவர் கேட்டதற்குப் பதிலும் இல்லை. வெறும் வயிற்றில் அந்தக் குளிசையைப் போட்டால் இரத்தத்தில் சீனி விழுந்துவிடும் என்று ஒவ்வொரு ஆண்டும் தாதிமாருக்குப் படிப்பிக்கிறவன் நான். குளிசையைப் பற்றி அவரோடு நான் கதைக்கவில்லை.

விரதத்தின் ஆறாம் நாள், சூரன்போர் அன்று பின்னேரம் கோயில் வீதியில், சனத்துக்குள் நல்லம்மா விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். விடியமுன் போய்விட்டார். அந்தக் காலையில் மற்ற இருபத்தொன்பது பேரையும் நிறுத்தேன். பாறணைக்குக் காத்திருந்த பஞ்சலிங்கம் என்ற பெரியவரைக் கூப்பிட்டு முப்பதாக்கினேன். பிறகுதான் செத்தவீட்டுக்குப் போனேன். கொடுத்துவைத்த சாவு என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. மகள் தனுசியா என்னிடம் வந்து அழுதாள்.

"நான் எவ்வளவோ சொன்னனான் சேர். அம்மா கேக்கேல்லை. கடைசி வரைக்கும் விரதத்தை விடேல்லை."

நான் தலையாட்டினேன்.

எட்டுக் கிழமையில் சராசரி இரண்டு கிலோ எண்ணூறு கிராம் ஏறியது. நிதி கிடைத்தது. இன்று மூன்று ஊர்களில் இருநூற்றுப் பதினாறு முதியவர்கள் எங்கள் கஞ்சியைக் குடிக்கிறார்கள். அதைத் தராசின் மறுதட்டில் வைத்துப் பாருங்கள் என்று உங்களைக் கேட்கமாட்டேன். நான் வைத்துப் பார்த்தாயிற்று.

திகதியைப் பற்றிய பதில் இவ்வளவுதான். இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் போன கிழமை தனுசியா நிலையத்துக்கு வந்தாள். அவளுக்கும் இப்போது சீனி வருத்தமாம், அதே குளிசையாம். வருகிற சஷ்டியை அம்மாவுக்காகத் தான் பிடிக்கப்போவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றேன். "அம்மா விட்டவவோ சேர்? நான் மட்டும் எப்பிடி விடுறது?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இருந்தது, வாய் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். இதில் ஒரு பிரதியை அவளுக்குக் கொடுங்கள்.

சூரன்போர் அன்று மத்தியானம் நல்லம்மா வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையில் நிறுக்க வரவேண்டும் என்று நினைவூட்டத்தான் போனேன். தனுசியா வேலைக்குப் போயிருந்தாள். நல்லம்மா குசினி வாசலில் இருந்தார். சட்டை முழுக்க வேர்வை. கையில் சீனி போட்ட தேத்தண்ணி. கை நடுங்கியதில் அது பாதி தட்டில் சிந்தியிருந்தது.

"ஏலாமல் கிடக்குத் தம்பி. முருகன் கோவிக்கமாட்டார்தானே. இதைக் குடிக்கட்டோ?"

அந்த வேர்வையும் நடுக்கமும் என்னவென்று எனக்குத் தெரியும். பார்த்த கணத்திலேயே தெரியும். ஒருக்கால் வாய் வைத்தால் பிறகு சோறும் சாப்பிட்டுவிடுவார், காலையில் நிறை கூடிவிடும், முப்பதில் ஒன்று குறையும். எனக்கு முதலில் ஓடியது அதுதான். இரண்டாவதாக ஒன்றும் ஓடவில்லை.

"இன்னும் ஒரு ராத்திரிதானே அம்மா. நாப்பது வரியம் பிடிச்சதை இப்ப போய் விடப்போறியளே?"

அவர் கோப்பையைத் தட்டில் வைத்தார்.

"ஓம், அதுவும் சரிதான். படிச்ச பிள்ளை, நீங்கள் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்," என்றார். "வெய்யிலுக்கை வந்திருக்கிறியள். வீணாக்காமல் இதை நீங்கள் குடியுங்கோ."

சைக்கிளில் வந்த களை. வாங்கிக் குடித்தேன்.