குதித்தும் அசையாத கோடு

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும், எங்கள் ஆய்வகத்தின் ஆணிவேராம் பேராசிரியர் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் அறிவிற் சிறந்த பெரியோர்களே! நாங்கள் என்ன படிக்கிறோம் என்று புரியாமலே எங்களை நம்பி அனுப்பிய தாய்மார்களே! நுண்ணோக்கி முன் முதுகு வளைந்த என் தோழர் தோழியரே! உங்கள் அனைவருக்கும் நெஞ்சு நிறைந்த வணக்கம்.

உயிரணுவுக்குள் முறிந்துபோன மரபிழையை, அதாவது டி.என்.ஏ.வை, இழுத்துச் சேர்க்கும் ஒரு புரதம். அது ஒரே மூச்சில் இழுக்கிறதா, படிப்படியாக இழுக்கிறதா? இந்த ஒற்றைக் கேள்விக்கு நான்கு ஆண்டுகள் கொடுத்தேன். படிப்படியாகத்தான் என்று ஓர் ஆய்விதழுக்கு எழுதி அனுப்பினேன். என்ன பதில் வந்தது தெரியுமா? நான் அளந்தது புரதத்தின் நடையை அல்லவாம், எங்கள் கட்டிடத்து லிஃப்டின் அதிர்வையாம்!

சிரிக்கிறீர்கள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மாதத்தில் நிரூபிக்காவிட்டால் ஆய்வுத் தலைப்பையே மாற்றிவிடலாம் என்றார் பேராசிரியர். தலைவர் அவர்கள் சங்கடப்பட வேண்டாம், உங்கள் இடத்தில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்!

கெடு முடிய ஆறே நாள். நம் வளாகத்திலேயே மூன்று நாள் அறிவியல் மாநாடு, கீழ்த்தளத்தில் கருவிக் கண்காட்சி. அடடா, என்ன விளக்குகள், என்ன விந்தைகள்! ஓரிடத்தில் எந்திரக் கை சொட்டுச் சொட்டாய் மருந்து ஊற்றுகிறது. ஓரிடத்தில் உயிரணு ஒன்று திரை முழுக்க விரிந்து சுழல்கிறது. அத்தனையும் வாய்பிளந்து பார்த்துவிட்டு, நானும் எங்கள் ஆய்வகத் தொழில்நுட்பர் அண்ணனும் கடைசி மூலைக்கு வந்தோம். கழிவறைக் கதவருகே ஒரு சின்ன மேசை. பொறியாளர் அம்மையார் ஒருவர் தம் கருவிக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார். மூன்று நாளில் அவரிடம் பேசியவர்கள் எல்லாம் கழிவறைக்கு வழி கேட்டவர்களே!

அவர் செய்திருந்தது ஓர் ஒளி இடுக்கி. இரண்டு நுண்மணிகளை லேசர் பிடித்துக்கொள்ளும். நடுவே மரபிழையைப் பூட்டினால், புரதம் இழுக்க இழுக்க மணிகள் நெருங்கும். அதிர்வை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"ஒரே கதிரைத்தான் ரெண்டாப் பிரிச்சிருக்கேன். தரை ஆடினா ரெண்டு மணியும் சேர்ந்துதான் ஆடும். நடுவுல இருக்கிற தூரம் மாறாது."

என் புரதத்தை இதில் வைக்கலாமா என்று கேட்க நான் தயங்கினேன். அண்ணன் கேட்டுவிட்டார். அம்மையார் போட்ட உறையைக் கழற்றினார். அண்ணன் நான்கு மாடி ஏறி, என் புரதம் இருந்த பனிக்கட்டிப் பெட்டியோடு திரும்பினார்.

திரையில் மணிகளின் இடைவெளியைக் காட்டும் ஒரு கோடு. இறங்கியது, நின்றது. மீண்டும் இறங்கியது, நின்றது. படிகள்! என் புரதத்தின் படிகள்!

"டாக்டரம்மா, நீங்க திரையையே பாருங்க" என்றார் அண்ணன், பட்டம் வாங்காத என்னை. சொல்லிவிட்டு மேசையருகே நின்று ஓங்கிக் குதித்தார். அவர் உருவத்தை நீங்கள் அறிவீர்கள்! தண்ணீர்ப் புட்டி ஆடியது. பக்கத்து அரங்குக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கோடு ஆடியதா? ஆடவில்லை! அசைந்ததா? அசையவில்லை!

அம்மையார் மெல்லக் கேட்டார்: "இன்னொரு தடவை குதிப்பீங்களா? நானே இப்பதான் நம்புறேன்."

அப்புறம் மூவரும் சேர்ந்து குதித்தோம். அது சோதனைக்கு அல்ல, சந்தோஷத்துக்கு!

கருவியை ஐந்து நாள் எங்களிடமே விட்டுச் சென்றார். நூறு இழைகளை அளந்தோம், நூறிலும் படிகள். கட்டுரை ஏற்கப்பட்டது. இன்று நம் ஆய்வகத்துக்கே சொந்தமாகிவிட்ட அந்தக் கருவியைத் திறந்துவைக்க, அவரே இந்த மேடையில் அமர்ந்திருக்கிறார். தட்டுங்கள், கூரை அதிரத் தட்டுங்கள்!

தாய்மார்களே, மாடிக்கு வந்து பாருங்கள். நீங்கள் பேசும்போதும் உறங்கும்போதும், உங்கள் உடம்பின் ஒவ்வோர் உயிரணுவிலும் முறிந்ததைச் சேர்த்துக்கொண்டே இருக்கும் அந்த ஓயாத உழைப்பாளியை, முதல்முறையாக நேருக்கு நேர் பாருங்கள்!

பொறுமையாய்க் கேட்ட செவிகளுக்கும், தட்டிச் சிவந்த கைகளுக்கும் என் நன்றி. வணக்கம்.