பாதியில் நின்ற இசைத்தட்டு

காசு போட்டால் பாடும் பழைய ஜூக்பாக்ஸ் சிக்கி நின்றால் உதைக்கக் கூடாது, தட்டத்தான் வேண்டும். அதுவும் வலது பக்கம், இடுப்புயரத்தில் ஓடும் இரும்புப் பட்டையில், உள்ளங்கையால். எங்கள் விஸ்கான்சின் பக்கத்து மதுக்கடைகளில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ரோமன் கடையில் அதற்கு ஒரு சட்டமும் உண்டு. பாட்டைத் தேர்ந்தெடுத்தவர்தான் தட்ட வேண்டும். வேறு யாராவது கை வைத்தால், கடையில் இருக்கும் அத்தனை பேருக்கும் அவர் செலவில் பிராந்தி. அந்தச் சட்டம் புரிந்தால்தான் நான் செய்தது உங்களுக்குப் புரியும்.

நான் வெர்லின் ஸ்ட்ரோய்க். இந்த வட்டாரத்துப் பாட்டுப்பெட்டிகளுக்கெல்லாம் பழுது பார்ப்பவன். ஜனவரியில் ரோமன் கூப்பிட்டான்.

"ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் பெட்டி மக்கர் பண்ணுதுய்யா. மத்ததெல்லாம் நல்லாத்தான் பாடுது."

எந்தப் பாட்டு என்று கேட்டேன். அவன் கண்ணாடிக் குவளையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"உங்க கர்ட்டோட பாட்டுதான்."

கர்ட் என் மகன். அது அவனுக்குப் பிடித்த போல்கா நடனப் பாட்டு. போன வருஷத்துக்கு முந்தின குளிர்காலத்தில் அவனுடைய சிநேகிதன் கோர்டி பாஷ், குடித்துவிட்டு அவனைப் பனிவண்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு உறைந்த ஏரிமேல் போனான். ஓடை வந்து சேரும் இடத்தில் பனி தாங்காது என்பது இங்கே பிறந்த எவனுக்கும் தெரியும். கோர்டி கரையேறினான். கர்ட் ஏறவில்லை. விபத்து என்று எழுதி மூடிவிட்டார்கள்.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். வெள்ளிக்கிழமைகளைத்தான் பொறுக்க முடியவில்லை. அன்று மீன் வறுவலுக்கு ஊரே ரோமன் கடையில் கூடும். கோர்டி தலையில் இருக்கும் தொப்பியைக்கூடக் கழற்றாமல் நேரே பெட்டிக்குப் போவான். கர்ட்டின் பாட்டைப் போடுவான். கண்ணைத் துடைத்துக்கொள்வான். பாட்டு முடிவதற்குள் யாராவது, "விடுடா கோர்டி, நீ என்ன பண்ணுவ பாவம்," என்று தோளைத் தட்டி ஒரு பிராந்தி வாங்கித் தருவார்கள். என் பிள்ளையின் சாவில் அவனுக்கு வாராவாரம் ஓசிக் குடி. போதாததற்கு என்னை அப்பா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தான். "அப்பா, மீன் ஆறிப்போவுது பாருங்க, சாப்பிடுங்க." சாப்பிடுவேன். மீன் நன்றாக இருக்கிறது என்றும் சொல்வேன்.

ரோமன் சொன்னதும் போய்ப் பெட்டியைத் திறந்தேன். ப்ளக்கைப் பிடுங்கி, கண்ணில் படும்படி பெட்டியின் தலைமேல் வைத்துவிட்டுத்தான் நான் எதிலும் கை வைப்பேன். முதலில் மோட்டார். அதில் பழுதில்லை. இசைத்தட்டை எடுத்துக் கொடுக்கும் இரும்புக் கை, அதன் ஸ்பிரிங், பல்சக்கரம் எல்லாம் சரி. பிறகு தட்டுகள் நிற்கும் அடுக்கில் விரலை ஓட்டினேன். ஒரு தடம் மட்டும் தேய்ந்து ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. கை வந்து தட்டைக் கவ்வும், பாதி தூக்கும், அங்கேயே சிக்கி நிற்கும். வெளியே தட்டினால் குலுங்கி விடுபடும். ஒரே தட்டை இழுத்து இழுத்து அந்தத் தடத்தைத் தேய்த்தவன் கோர்டி. அவனைத் தவிர அந்தப் பாட்டைப் போட ஊரில் யாருக்கும் மனம் வராது.

இடுக்கியால் லேசாக நிமிர்த்தினால் வேலை முடிந்தது. நான் நிமிர்த்தவில்லை. இன்னும் கொஞ்சம் சாய்த்தேன். பிறகு ஒரு கம்பியைக் கழற்றினேன், ஒன்றைச் சேர்த்தேன். அந்தக் கை அந்தத் தடத்தில் பாதியில் நிற்கும்போது மட்டும் இரும்புப் பட்டைக்கு மின்சாரம் வரும். வேறு எந்தப் பாட்டைப் போட்டாலும் யாருக்கும் எந்த ஆபத்தும் இல்லை, அதையும் சோதித்துவிட்டேன். நான் பொறுப்பில்லாதவன் அல்ல. பூட்ஸில் ஒட்டிவரும் பனி உருகி, பெட்டிக்கு முன்னால் தரை எப்போதும் ஈரமாகவே கிடக்கும்.

"தட்டினா ஓடும், விடு," என்று ரோமனிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை நான் கிளம்பும்போது என் மனைவி லோர்னா கோட்டை மாட்டிக்கொண்டு நின்றாள். கர்ட் போனதிலிருந்து அந்தக் கடை வாசலை மிதிக்காதவள்.

"நானும் வரேன். அந்தப் பையன்கிட்ட ரெண்டு வார்த்தை பேசணும். எத்தனை நாளைக்குத்தான் அவனையும் சாகடிக்கிறது?"

"பெட்டிப் பக்கம் மட்டும் போகாத. ரிப்பேர்ல இருக்கு."

"ஊர் பெட்டிய எல்லாம் சரி பண்ற, இது மட்டும் ஏன் ரிப்பேர்ல இருக்கு?" என்று சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. வழியில் வண்டியைத் திருப்பியிருக்கலாம். அவள் அவனை மன்னிப்பதற்குள் பெட்டி முந்திக்கொள்ளும் என்று கணக்குப் போட்டேன்.

கோர்டி வரத் தாமதமானது. லோர்னா மீனைத் தொடவில்லை. எழுந்து பெட்டியிடம் போனாள். கல்யாணத்துக்கு முன்னால் நாங்கள் ஆடிய பாட்டு எதையாவது தேடுகிறாள் என்று நினைத்தேன். பொத்தான்கள் பிளாஸ்டிக், பயமில்லை. உள்ளே கை கிளம்பும் சத்தம் கேட்டது. பாதியில் நின்றது. அவள் போட்டது கர்ட்டின் பாட்டு.

"தட்டு லோர்னா. நம்ம கடைச் சட்டம் மறந்துபோச்சா?" என்றான் ரோமன்.

அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு கோர்டி வந்தான். இதைக் கவனமாகக் கேளுங்கள். கதவுக்கும் பெட்டிக்கும் நாலு எட்டுதான். லோர்னா கைப்பையைத் தோள் மாற்றிக்கொண்டிருந்தாள். நான் ஒரு குரல் கொடுத்திருந்தால் அவள் நின்றிருப்பாள். அவனும் நின்றிருப்பான். கர்ட்டின் பாட்டு சிக்கிக்கொண்டால் அவன் சட்டமெல்லாம் பார்க்க மாட்டான், யாரையும் விலக்கிவிட்டுத் தானே தட்டுவான். அதனால் நான் வாயைத் திறக்கவில்லை. பெட்டியின் ப்ளக் என் முழங்காலுக்குப் பக்கத்தில் சுவரில் இருந்தது. அந்த இடத்தில்தான் நான் எப்போதும் உட்காருவேன். முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

லோர்னாவைப் பார்த்ததும் அவன் கதவருகிலேயே நின்றுவிட்டான். நின்று, தொப்பியைக் கழற்றினான். லோர்னா பட்டையைத் தட்டினாள்.

அவளைப் பிடித்து இழுத்தவனும் அவன்தான். அவன் கை இரண்டும் வெந்துவிட்டன என்கிறார்கள். அதற்காக அவனைப் பாராட்டி எதுவும் எழுதிவிடாதீர்கள். கம்பியை மாற்றியது நான்தான், மறுக்கவில்லை, கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்கும் அவன் வழக்கம்போல் மரியாதை கெட்டவனாக நடந்திருந்தால், லோர்னா இப்போது உயிரோடு இருப்பாள்.