எழுபத்தேழரையார்

இல்லண்ணே, அது வேணாம். நல்ல சாமான்னு தெரியுது. நீங்க சொன்னதெல்லாம் புரிஞ்சுது. மேல ஒரு திருகு, கீழ ஒரு திருகு, ஸ்பிரிங் உட்கார்ற வளையத்த ஏத்தலாம், இறக்கலாம். அதனாலதான் வேணாங்கிறேன். எதையுமே மாத்த முடியாத சஸ்பென்ஷனா ஒண்ணு குடுங்க. மாட்டுனா மாட்டுனதுதான், அப்புறம் யாரும் கை வைக்கக் கூடாது.

ஆமாண்ணே, டிராக்குல ஓட்டத்தான். தெருவுல ஓட்றதுக்கு உங்ககிட்ட ஏன் வர்றேன். ஞாயித்துக்கிழமை கிளப்புல நேரப் போட்டி. ஒரு காருக்கு ஒரே டிரைவர். பேர் குடுக்க இன்னிக்கு அஞ்சு மணிதான் கடைசி. இப்ப இருக்கிற ஷாக் பின்னாடி ரெண்டும் எண்ணெய் கசியுது, நீங்களே குனிஞ்சு பாத்தீங்களே.

திருகு ஏன் ஆகாதுன்னா, அது எங்க வீட்டு விவகாரம். காலைல உங்ககிட்ட போன்ல பேசுனாருல்ல, அவரு என் மச்சான். என் வீட்டுக்காரியோட அண்ணன். அவரும் நானும் ஆளுக்குப் பாதியா சேர்ந்து வாங்குன கார் இது. ரெண்டு சீட்டு, மொத்தமே தொள்ளாயிரம் கிலோ. லேசா இருக்குன்னுதான் ஆசைப்பட்டு வாங்குனோம், அதுவே வினையாப் போச்சு. அவரு தொண்ணூத்திநாலு கிலோ. நான் அறுபத்தொண்ணு. பெரிய வண்டிக்கு இந்த வித்தியாசமெல்லாம் உறைக்கவே உறைக்காது. இதுல அவரு ஏறுனா வண்டி ஒரு தோளைத் தொங்கப் போட்டுக்குது. நான் ஏறுனா, இன்னும் யாரும் வரலையான்னு கேக்குது.

முன்னாடி ஒரு பட்டறைல குடுத்தோம். அவரும் உங்கள மாதிரிதான், நாலு சக்கரத்துக்கு அடியிலயும் நாலு தராசு வச்சாரு. டிரைவர் ஏறி உட்காருங்கன்னாரு. எந்த டிரைவர்? அங்கயே ஆரம்பிச்சுது. நான்தான் வேகம், எனக்குத்தான் செட் பண்ணணும்னு நான். மாப்ள, எடை கூடுன ஆளுக்குத்தான் சஸ்பென்ஷனே தேவை, உங்களுக்கு எதுக்குன்னு அவரு. பட்டறைக்காரர் அரை மணி நேரம் பொறுத்தாரு. அப்புறம் ரெண்டு பேர் எடையையும் கூட்டி ரெண்டால வகுத்து, எழுபத்தேழரை கிலோ மணல் மூட்டைய சீட்டுல வச்சு, பெல்ட்டும் போட்டு, அதுக்குத் தகுந்த மாதிரி நாலு வளையத்தையும் திருகிட்டாரு.

எங்களுக்கும் திருப்திதான். யாருக்கும் ஓரவஞ்சனை இல்லல்ல. பூமில இல்லாத ஒரு மனுஷனுக்கு அளவெடுத்துக் காரைத் தச்சு வச்சிருக்கோம்னு வீட்டுக்கு வந்தப்புறம்தான் உறைச்சுது. எழுபத்தேழரையார்னு பேரும் வச்சோம். வளைவுல பின்பக்கம் வழுக்கிட்டுப் போச்சுன்னா, எழுபத்தேழரையாருக்கு இன்னிக்கு மூடு சரியில்ல மாப்ளம்பாரு மச்சான்.

அது போகட்டும். ஷாக்ல ஒரு திருகு இருக்கு பாருங்க, டக்கு டக்குன்னு சத்தம் வருமே. அவரு ஓட்டி முடிச்சு இறங்கும்போது நாலு டக்கு இறுக்கிட்டு இறங்குவாரு. நான் ஷூ லேஸ் கட்ற மாதிரி சக்கரத்துகிட்ட குனிஞ்சு நாலு டக்கு தளத்துவேன். அது தெரிஞ்சு அவரு எட்டா இறுக்குனாரு. நான் பன்னெண்டா தளத்துனேன். ஒரே நாள்ல ஆறு தடவை ஷூ லேஸ் கட்டிருக்கேன். அந்த ஷூவுக்கு லேஸே கிடையாது, ஒட்டுப் பட்டிதான்.

அதான் சொல்றேன், மாத்த முடியாததா குடுங்க.

வீட்டுக்காரி என்ன சொல்றாங்களா? அவ லேப்ல வேலை பாக்குறா, ரத்தம் எடுக்கிற வேலை. ஊசி உள்ள போனதே நமக்குத் தெரியாது, அப்படி ஒரு கை. கார்ப் பேச்செல்லாம் காதுல வாங்க மாட்டா. போன மாசம் வீட்டுச் சாவிய நான் பாக்கெட்ல போட்டுக்கிட்டு வந்துட்டேன்னு, அத வாங்க டிராக்குக்கு வந்தா. டிராக்குல எங்களுக்குக் குடுத்த நேரத்துல இன்னும் இருபது நிமிஷம் பாக்கி. நானும் மச்சானும் டயர் அடுக்குக்குப் பின்னாடி நின்னு, யாரு திருகுனதுன்னு சண்டை. சண்டைய முடிச்சுட்டுத் திரும்பிப் பாக்குறோம், காரைக் காணோம். என் ஹெல்மெட்டையும் காணோம்.

மச்சானோட நல்ல நேரம் ஒரு நிமிஷம் பதினெட்டு செகண்ட். என்னோடது பதினேழு. அவ பதினாலு. முதல் தடவைண்ணே. இறங்கி வந்து ஹெல்மெட்ட என் கைல குடுத்துட்டு, ரெண்டு பேரும் பிரேக்க ரொம்பச் சீக்கிரம் மிதிக்கிறீங்கன்னு சொன்னா. சாவிய வாங்கிட்டுப் போயிட்டா.

நாங்க ரெண்டு நாள் பேசிக்கவே இல்ல. மூணாவது நாள் மச்சான் வீட்டுக்கு ஓடி வந்தாரு, முகமெல்லாம் பல்லு. மாப்ள, கண்டுபிடிச்சுட்டேன். தங்கச்சி நல்ல உயரம், அகலமான தோள். எழுபத்தேழு, எழுபத்தெட்டு இருப்பா. எழுபத்தேழரையார் வேற யாருமில்ல, அவதான். நமக்கே தெரியாம அவளுக்குன்னு காரைச் செட் பண்ணி வச்சிருக்கோம். அவ ஓட்டல மாப்ள, கார் ஓட்டுது.

எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. பொய் சொல்லல, அன்னிக்குத்தான் நிம்மதியாத் தூங்குனேன். பொண்டாட்டி என்னைவிட நல்லா ஓட்றாங்கிறது வேற, மணல் மூட்டையோட எடைல அவ இருக்காங்கிறது வேற இல்லியா.

அத மச்சான் என்னோட வச்சுக்கிட்டாப் பரவால்ல. நேத்து சாப்பிடும்போது அவகிட்டயே சொல்லிட்டாரு, காகிதத்துல கணக்கெல்லாம் போட்டுக் காட்டி. அவ கோவப்படல. சரிண்ணா, நாளைக்குப் பட்டறைல காரைத் தராசு மேல ஏத்தும்போது நானே உள்ள உட்கார்றேன். எழுபத்தேழரை காட்டுச்சுன்னா காரோட வேகம்தான், ஞாயித்துக்கிழமை உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் ஓட்டுங்க. இல்லன்னா நான் ஓட்றேன்னுட்டா. நாலு மணிக்கு ரெண்டு பேரும் இங்க வர்றாங்க.

மணி இப்ப என்ன, மூணு அம்பதா.

அதனாலதான் கேக்குறேன், மாத்த முடியாத சஸ்பென்ஷன் மாட்டுனா தராசே தேவைப்படாதுல்ல? வளையத்தத் திருகவே முடியாதுன்னா எடை பாத்து என்ன ஆகப் போகுது. ... அதுக்கும் பாக்கணுமா. ஆள உட்கார வச்சுத்தான் சக்கரக் கோணம் பாப்பீங்களா. ... தராசு ரிப்பேர்னு சொல்ல முடியாதா. ... இல்ல இல்ல, உங்க பட்டறைக்குக் கெட்ட பேர் வர வேணாம். தப்புதான்.

அப்ப ஒரு சின்ன உதவிண்ணே. மூலைல மணல் மூட்டை வச்சிருக்கீங்கல்ல. பதினஞ்சரை கிலோ மட்டும் எடுத்து, சீட்டுக்குப் பின்னாடி சொருகி, அந்தக் கறுப்புத் துணியப் போட்டு மூடிருங்க. மச்சானுக்குத் தெரியாது, அவரு கண்ணெல்லாம் நம்பர் மேலதான் இருக்கும். அவளும் பின்னாடியெல்லாம் திரும்பிப் பாக்க மாட்டா.

ஏன் பதினஞ்சரையா? எழுபத்தேழரைல அறுபத்திரெண்டு போனா பதினஞ்சரைதானே.

ஆமா, அறுபத்திரெண்டு. அவ எடைதான். போன வாரம் அவ பைல தலைவலி மாத்திரை தேடுனேன், ரத்த தானக் கார்டு கைல வந்துச்சு. தேதி போட்டு, எடை போட்டு, சீல் அடிச்சு. என்னைவிட ஒரு கிலோ கூட. ஒரே ஒரு கிலோ. எனக்கு அந்தக் கார் எவ்வளவு பொருந்தலையோ, அவ்வளவு அவளுக்கும் பொருந்தலண்ணே. அதே டயரு, அதே கசியுற ஷாக்கு, என்னோட ஹெல்மெட்டு. மூணு செகண்டு.

மச்சானுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும், அவ எடை அவளுக்குத் தெரியாதா. நேத்து அந்தக் காகிதத்தப் பாத்துட்டு அவ என்னைத்தான் பாத்தா. நான் அவசரமா ஊறுகாய் கேட்டேன்.

என்ன சொன்னீங்க? ... அவ எடைக்கே சரியா செட் பண்ணுனா இன்னும் ஒரு செகண்ட் குறையுமா.

நிஜமாவா. பதிமூணு. அந்த டிராக்குல கிளப்காரங்களே பதிமூணு போனதில்லண்ணே.

வாசல்ல வந்து நின்னது எங்க வீட்டு வண்டிதான். அவதான் ஓட்டிட்டு வந்திருக்கா. மச்சான் பக்கத்துல, மடில அந்தக் காகிதம்.

இல்லண்ணே, விடுங்க, மூட்டை அங்கயே இருக்கட்டும். முதல்ல காட்டுனீங்களே, ரெண்டு திருகு வச்சது, அதையே எடுங்க. எத்தனை டக்கு வேணும்னு என்கிட்ட கேக்காதீங்க, அவகிட்ட கேளுங்க.