வெறுங்காலோடு உட்காரவும்

ஐயா, நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி உங்களுக்கு ஆகாது. குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அலுவலக நாற்காலிகள் எல்லாமே அப்படித்தான், யாருக்கும் அளவெடுக்காமல் எல்லாருக்குமாகச் செய்து தள்ளிவிடுகிறார்கள். நீங்களும் வந்ததிலிருந்து அடிக்கொரு தரம் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறீர்கள். சரி, என் விஷயத்துக்கு வருகிறேன். ஒளிவுமறைவு எதுவும் இல்லை, கேட்டதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பெண்களுக்கு மேசையும் நாற்காலியும் செய்து விற்பது என் தொழில். பெண்களுக்கு மட்டும்தான். ஆண் எங்கே உட்கார்ந்தாலும் அது அவன் இடமாகிவிடும், வீடே ஒதுங்கி வழிவிடும். பெண்ணுக்கு அப்படி இல்லை. சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் உட்காருவாள். சாப்பாடு வந்ததும் கணினியைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்குப் போவாள். கட்டிலில் யாராவது படுத்தால் சன்னலோரம் போவாள். பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு வீடு முழுக்கத் திரிகிற மாதிரி. அந்தக் கழுத்தும் முதுகும் வளைந்து கிடப்பதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. "ஊர்ல இருக்கிற முதுகெல்லாம் உங்களுக்குத் தெரியுது. அடுப்படியில போட ஒரு முக்காலி கேட்டேனே, அது எப்ப வரும்?" என்று என் மனைவி குத்திக்காட்டுவாள். செய்துதர வேண்டும் என்றுதான் இருந்தேன். நேரம் கிடைக்கவில்லை.

அளவெடுக்க நானே போவேன், ஆளை அனுப்ப மாட்டேன். உட்கார்ந்த நிலையில் முழங்காலின் பின்மடிப்பிலிருந்து தரை வரை ஓர் அளவு. அதுதான் தாய் அளவு, மற்றதெல்லாம் அதிலிருந்து பிறக்கும். பிறகு தொடையின் நீளம், முழங்கையின் உயரம், கண்மட்டம். நாடாவின் மேல்முனையை அவர்களே பிடித்துக்கொள்வார்கள், கீழ்முனை என் கையில் இருக்கும். ஒரு பெண்ணையும் நான் தொட்டதில்லை. இதைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும், ஏனென்றால் வெளியே கண்டதையும் பேசுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

சாமானைக் கொடுக்கும்போது கூடவே ஒரு மெல்லிய பருத்தி விரிப்பும் கொடுப்பேன், காலடியில் போட. அதன்மேல் செருப்பு படக்கூடாது. மேசையின் உள்விளிம்பில் ஒரு சிறிய பித்தளைத் தகடு இருக்கும், அதில் "வெறுங்காலோடு உட்காரவும்" என்று பொறித்திருப்பேன். பாதம் பதிந்தால்தான் முதுகு நிற்கும், இது என் கொள்கை. தகட்டுக்குப் பக்கத்தில் அந்தப் பெண்ணை வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயரையும் செதுக்குவேன். வெளியே தெரியாது. முழங்காலுக்கு மட்டும் தெரியும். நீங்கள் விசாரிக்கிற அந்தப் பெண்ணின் செல்லப்பெயரையும் தகட்டுக்குப் பக்கத்தில் பார்த்திருப்பீர்கள். என் வாயால் சொல்ல மாட்டேன்.

அவள் மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்வதை ஹெட்போனில் கேட்டுத் தட்டச்சு செய்கிறவள். நாள் முழுக்க யாரோ ஒருவரின் ஈரலும் நுரையீரலும்தான் அவள் காதுக்குள். "கேட்டுக் கேட்டு எனக்கே எல்லா வியாதியும் வந்துட்ட மாதிரி இருக்குண்ணா" என்று சிரித்தாள். அண்ணா என்று கூப்பிட்டாள். உடன்பிறந்தவர்கள் இல்லையாம், கேட்டுத் தெரிந்துகொண்டேன். குதிகால் வலிக்காக வீட்டுக்குள்ளேயே தடித்த ரப்பர் செருப்பு போட்டிருந்தாள், அடிப்பாகம் இரண்டு விரல் கனம் இருக்கும். நான் எதையும் கவனிக்காமல் விடுகிறவன் அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன். முழங்காலிலிருந்து தரை வரை நாடாவைப் பிடித்தேன். நாடா நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது.

செய்து கொண்டுபோய் இறக்கிய அன்று, செருப்பைக் கழற்றிவிட்டு உட்காரச் சொன்னேன். நுனியில் உட்கார்ந்தாள். புதுச் சாமான்மேல் பெண்களுக்கு ஒரு கூச்சம் இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும். "எப்படி இருக்கும்மா?" என்றேன். "சூப்பரா இருக்குண்ணா" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது என்றுகூடச் சொல்வேன். எனக்கு அன்று முழுக்க நடையே வேறு மாதிரி இருந்தது.

சில மாதம் கழித்துச் சொல்லாமல் போய்ப் பார்ப்பது என் வழக்கம். திருகு தளர்ந்திருந்தால் முடுக்கிவிட்டு வருவேன். அப்படிப் போனபோது அவள் நாற்காலியில் அவள் கணவன் உட்கார்ந்திருந்தான். நெட்டை ஆள். பின்னால் நன்றாகச் சாய்ந்து, என் விரிப்பின்மேல் செருப்புக் காலை வைத்துக்கொண்டு, ஏதோ விளையாட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்கிற மாதிரி ஓர் உட்காரல். "வாங்க மாஸ்டர். என்னமா செஞ்சிருக்கீங்க. ஒக்காந்தா எந்திரிக்கவே மனசு வரல" என்றான். அவன் கால் சரியாக மடிந்து, பாதம் சரியாகப் பதிந்திருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் உள்ளறையில் கட்டிலில் கால் மடக்கி, தலையணைமேல் கணினியை வைத்துக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தாள். கழுத்து பழையபடி வளைந்திருந்தது.

"நாற்காலி என்னம்மா ஆச்சு?" என்று அவளிடம் கேட்டேன்.

"அவரு உக்காந்திருக்காருண்ணா. பரவால்ல, விடுங்க" என்றாள். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்தக் குனிவே எனக்குப் போதும். நாதியில்லாத பெண், அண்ணா என்று வாய் நிறையக் கூப்பிட்டவள், வாயால் கேட்க முடியாததைத் தலையைக் குனிந்து கேட்கிறாள். அதைப் பார்த்துவிட்டுச் சும்மா போனால் நான் என்ன அண்ணன்? கூரியர் கொண்டுவருகிறவரையும் அவள் அண்ணா என்றுதான் கூப்பிட்டாள், ஆனால் அது வேறு.

வெளியே வரும்போது அவனிடம் சொன்னேன், ஆண்களுக்கு நான் செய்வதில்லை, இருந்தாலும் உங்களுக்காக ஒன்று செய்து தருகிறேன், அளவெடுக்கப் பட்டறைக்கு வாருங்கள், வீட்டில் சொல்ல வேண்டாம், அவங்களுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று. முகமெல்லாம் பல்லாகிவிட்டது அவனுக்கு. "அப்போ அவ நாற்காலிய அவளுக்கே விட்டுடலாம்" என்றான். இந்த வார்த்தையை அவன் சொன்னான் என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் இடம் கொடுத்தால் மடம் பிடுங்குகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் பேசுவார்கள்.

ஒரு விடுமுறை நாள், மதியம் வந்தான். பட்டறையில் என்னைத் தவிர யாரும் இல்லை. அளவு முக்காலியில் உட்காரவைத்தேன். எல்லா அளவும் ஒழுங்காக எடுத்தேன், ஒன்றையும் விடவில்லை. முதுகை நிமிர்த்தச் சொன்னேன், தோளைத் தளர்த்தச் சொன்னேன், கண்ணை மூடி மூச்சை விடச் சொன்னேன். சொன்னபடி கேட்டான், நல்ல பிள்ளை மாதிரி. பின்னால் போய், உளியைத் தட்டும் கொட்டாப்புளியை எடுத்து உச்சந்தலையில் இறக்கினேன். முதல் அடியில் விழவில்லை. திரும்பிப் பார்த்து, "என்ன மாஸ்டர் இது" என்றான், சாமானில் ஏதோ பழுது கண்டுபிடித்தவன் மாதிரி. எனக்கே சங்கடமாகிவிட்டது. அடுத்த அடி நெற்றிப்பொட்டில் விழுந்தது, எலும்பு உள்வாங்கியது கையில் தெரிந்தது. தரையில் விழுந்த பிறகும் கால் இழுத்துக்கொண்டே இருந்தது, அது நிற்கிறவரை அடித்தேன். முகம் முகமாக இல்லை. மரத்தூள் நல்ல பொருள் ஐயா, எதைக் கொட்டினாலும் உறிஞ்சிக்கொள்ளும். பெருக்கி அள்ளினால் தரை சுத்தம்.

எடுத்த அளவும் வீணாகவில்லை. மேசை அனுப்புகிற மாதிரி ஒரு பெட்டி அடித்தேன், உள்ளே நுரைப்பஞ்சு வைத்து, அசையாமல். வண்டியில் ஏற்றும்போது பக்கத்துக் கடைக்காரர்கூட ஒரு கை பிடித்தார். "பெரிய ஆர்டர் போலிருக்கே" என்றார். "எல்லாம் உங்க ஆசீர்வாதம்" என்றேன். கைவிட்ட கல்குழியில் தள்ளினேன். நீங்கள் எடுத்தபோது பெட்டியின் மூட்டு ஒன்றாவது பிரிந்திருந்ததா? பிரிந்திருக்காது.

அதன் பிறகு காத்திருந்தேன். அவளுக்கு ஆளைக் காணோம் என்கிற பதற்றம் இருக்கும், உங்களிடமும் புகார் கொடுத்திருப்பாள், அதெல்லாம் தெரியும். ஆறப்போட வேண்டும். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அவள் அவளுடைய நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதைக் கதவோரம் நின்று ஒரு தரம் பார்த்துவிட்டுப் போவது. ஒரு வார்த்தை நன்றிகூட எதிர்பார்க்கவில்லை.

போனேன். முற்பகல் நேரம். கதவைத் திறந்தவளின் முகம் வீங்கியிருந்தது. நாற்காலி காலியாக இருந்தது, அதன் முதுகில் அவனுடைய சட்டை ஒன்று தொங்கியது. அவள் கட்டிலில்தான் வேலை பார்த்திருக்கிறாள், தலையணையும் கணினியும் அப்படியே கிடந்தன.

"எங்க போனாருன்னே தெரியலண்ணா. போன் ஆஃப்லயே இருக்கு. பைத்தியம் பிடிச்சிரும் போல இருக்கு" என்று அழுதாள்.

ஆறுதல் சொன்னேன். பிறகு, "இப்பவாவது நாற்காலியில உக்காரலாமேம்மா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. "இப்ப போய் அதக் கேக்கறீங்களேண்ணா" என்றாள். நான் விடவில்லை. ஒரு தரம் உட்காரும்மா, ஏதாவது பழுதிருந்தால் சரிசெய்துவிட்டுப் போகிறேன், அப்புறம் தொந்தரவே செய்ய மாட்டேன் என்றேன். என்னை அனுப்பினால் போதும் என்று நினைத்திருப்பாள். செருப்பைக் கழற்றி விரிப்புக்கு வெளியே வைத்துவிட்டு, ஏறி உட்கார்ந்தாள். நன்றாகப் பின்னால் தள்ளி உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தாள். பாதம் அந்தரத்தில் நின்றது.

"பாத்தீங்களா. கால் எட்டவே இல்லண்ணா. கொஞ்ச நேரம் உக்காந்தா தொட மரத்துப் போகுது. ஆசையா செஞ்சு குடுத்தீங்க, சொன்னா மனசு சங்கடப்படுவீங்கன்னு சொல்லல. சும்மா கெடக்குதேன்னு நான்தான் அவர உக்காரச் சொன்னேன்."

எனக்கு யோசிக்கக் கொஞ்ச நேரம் தேவைப்பட்டது. அவள் சொல்வது சரி என்றால் அவன் எதையும் பிடுங்கவில்லை. பிடுங்காத ஒருவனை நான் அடித்துக் கொன்றிருக்கிறேன் என்றாகிவிடும். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை, ஐயா. என் தெருவில் விசாரித்துப் பாருங்கள், ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காதவன் என்பார்கள். ஆக, தவறு வேறு எங்கோ இருக்கிறது. மூட்டு பொருந்தவில்லை என்றால் இரண்டு கட்டையில் ஒன்றை இழைத்தாக வேண்டும், வேறு வழி கிடையாது. நான் செய்த கட்டை சரியாகத்தான் இருந்தது.

அளவு நாடா வழக்கம்போல் என் கழுத்தில்தான் தொங்கியது. நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, "கழுத்தை நிமிர்த்தும்மா, ஒரு தரம் பார்த்துடறேன்" என்றேன். நிமிர்த்தினாள். சுற்றி இறுக்கினேன். துணிநாடா வழுக்காது, நல்ல பிடிப்பு இருக்கும். என் மணிக்கட்டைப் பிறாண்டினாள், இந்தத் தழும்பு அதுதான். என்னவோ சொல்லப் பார்த்தாள், அண்ணா என்றுதான் இருக்க வேண்டும். கால்கள் தரையைத் தேடித் தேடி உதைத்தன. தரை கிடைத்திருந்தால் எழுந்து ஒரு திமிறு திமிறியிருப்பாள், எனக்கும் வயதாகிவிட்டது, பிடித்து நிறுத்தியிருக்க முடியாது. கிடைக்கவில்லை. கண் பிதுங்கி, நாக்குத் தள்ளி, தலை ஒரு பக்கம் தொய்கிறவரை விடவில்லை. பிறகு தலையைத் தூக்கிச் சாய்மானத்தில் நேராக வைத்தேன். அப்போதுதான் முதல்முறையாக அந்த முதுகு நாற்காலியோடு பொருந்தியிருந்தது.

ஓடிப்போக நினைக்கவில்லை. கூரியர்காரர் கதவைத் தட்டிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தபோது நான் அவள் காலடியில் மண்டியிட்டிருந்தேன். அவர் நினைத்த மாதிரி எதுவும் இல்லை, அந்த ஆள் உங்களிடம் அசிங்கமாகச் சொல்லியிருந்தால் அது பொய். நான் அளந்துகொண்டிருந்தேன். முழங்காலின் பின்மடிப்பிலிருந்து உள்ளங்கால் வரை. ஒரு தரத்துக்கு இரு தரம் பார்த்தேன், இரண்டு தரமும் நான் முதலில் எடுத்த அளவைவிட இரண்டு விரல் குறைந்தது. அந்தத் தடித்த செருப்பு இரண்டும் விரிப்புக்கு வெளியே ஜோடியாக, ஒழுங்காக இருந்தன. கடைசிவரை என் விதியை மதித்த பெண்.

இருவரையும் கொன்றது நான்தான், அதில் எனக்கு மறுப்பு இல்லை, எங்கே கையெழுத்து போட வேண்டும் என்று காட்டுங்கள். ஆனால் என் அளவு தப்பியது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். உயிர் போனதும் கால் இரண்டு விரல் சுருங்கிவிடுகிறது, ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.