துரைக்காக வெட்டிய புதர்

மலாயாவில், கிள்ளானுக்குப் போகும் மாலை 5.20 ரயிலில், மூன்றாம் வகுப்பில், எனக்கு எதிரே ஒரு ரப்பர் தோட்டத்துக் கங்காணியும் அவருடைய மைத்துனரும் அமர்ந்திருந்தனர்.

"மக கல்யாணத்துக்கு ஊருக்குப் போக லீவு கேட்டேன் மச்சான். துரை உடனே குடுத்துட்டாரு" என்றார் கங்காணி.

"நேத்து ஆத்தங்கரையில பறவை படம் புடிக்கப் போனாரே, அப்பவா?"

"ஆமா. அவரு உக்கார்ற இடமாச்சேன்னு, முந்தின நாளே இருபது ஆள விட்டுப் புதர், நாணல் ஒண்ணு விடாம வெட்டிப் பளிச்சுனு வெச்சிருந்தேன்."

"அப்ப பறவை எங்கய்யா உக்காரும்?"

கங்காணி வெற்றிலையை மடித்தார், வாயில் போடவில்லை.

"காலையிலேர்ந்து கேமராவும் கையுமா இருந்தாரு. ஒரு காக்கா கூட வரல. சாயந்தரம் எந்திரிச்சாரு, நான் லீவு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"நாளைக்கே கெளம்புன்னாரு."

"திரும்பி எப்ப வரணுமாம்?"

"அதை மட்டும் சொல்ல மறந்துட்டாரு, மச்சான்."