நாற்பத்தொரு தலைகள்

— அந்த நாற்காலியில உட்கார்ந்து சுத்தாதேன்னு எத்தனை தடவைடி சொல்றது? ஆள் வர்ற நேரம்.

— மத்தியானம் ரெண்டு மணிக்கு யாரு முடி வெட்டிக்க வருவா? கத்தரியைத் துடைச்சது போதும், இதைக் கேளுங்க. சாயங்காலம் அச்சுக்குப் போகணும்.

— பிழை திருத்தறது உன் வேலை. என் காது எதுக்கு?

— சும்மா கேளுங்களேன். போர் நாவல். "கைதிகளை வரிசையாக உட்காரவைத்து மொட்டையடித்தார்கள். அதன்பின் அவர்களுக்குள் வேறுபாடு இல்லை. முகமற்ற ஒரு மந்தை எழுந்து நடந்தது." எப்படி?

— நல்லா எழுதியிருக்கான்.

— அவ்வளவுதானா?

— தப்பா எழுதியிருக்கான்.

— நல்லாவா, தப்பாவா?

— ரெண்டும்தான். முடி இருக்கறவரைக்கும்தான் எல்லாரும் ஒரே மாதிரி. மொட்டையடிச்சுப் பாரு… ஒருத்தன் மண்டை மாதிரி இன்னொருத்தனுக்கு இருக்காது.

— இந்தக் கடைக்கு மாசத்துக்கு ஒரு மொட்டை வந்தா அதிகம். என்னமோ ஊரையே சிரைச்ச மாதிரி…

— ஒருத்தனுக்கு ரெண்டு சுழி. ஒருத்தனுக்குப் பின்மண்டை சப்பை, குழந்தையில ஒரே வாக்கா படுக்கப் போட்டிருப்பாங்க. ஒருத்தனுக்கு உச்சியில மச்சம். அவனுக்கே தெரியாது! நான்தான் காதோரமா சொன்னேன். எங்க, எங்கன்னு தடவிப் பார்த்துச் சிரிச்சான். உடனே காவல்காரன் ஓங்கி…

— காவல்காரனா? முடிவெட்டற கடையிலயா?

— …கடையில இல்லை.

— பின்னே?

— நீ முதல்ல கையில எடுத்த அந்தச் சவரக் கத்தியைக் கீழே வை. கையைக் கிழிச்சுக்கப் போறே.

— பேச்சை மாத்தாதீங்க.

— கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு வருஷம் கப்பல்ல இருந்தேன்னு சொன்னேனே…

— ஆமா. ஊஞ்சல்ல உட்கார்ந்தாலே வாந்தி எடுக்கற ஆளு.

— கப்பல் இல்லை. கைதி முகாம். பட்டாளத்துக்கு முடி வெட்டப் போனவன் நான். பிடிபட்டதும் கத்தியை என் கையிலயே குடுத்துட்டாங்க. நாற்பத்தொரு தலை. அத்தனையும் எங்க ஆளுங்க. மந்தைங்கறானே உன் எழுத்தாளன்… அப்படி ஆக்கினது இந்தக் கைதான்.

— மந்தையாவா? இப்பதான் சுழி, மச்சம்னு தலை தலையா சொன்னீங்க.

— அது எனக்குத் தெரியும். எங்க ஆளுங்களுக்கு? நான் எதிரிக்குச் சிரைச்சவன். அவ்வளவுதான்.

— இந்தாங்க பென்சில். இந்தப் பக்கத்து ஓரத்துல அதை எழுதுங்க.

— நானா? அந்தாளு குதிப்பான்.

— குதிக்க மாட்டார். முகாம்ல இருந்தவங்க யாராவது கிடைச்சா இந்தப் பக்கத்தைக் காட்டுங்கன்னு அவரே கேட்டிருக்கார்.

— அதுக்கு நேரா என்கிட்ட… ஏய், உனக்கு எப்படி…

— கல்யாணம் பேச வந்த அன்னிக்கே உங்க அக்கா சொல்லிட்டாங்க.

— அடிப்பாவி! இருபத்திரண்டு வருஷமா கப்பல் கதை கேட்டியே, அலை எவ்வளவு உசரம்னு வேற கேட்டே!

— நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்.

— தெரிஞ்சுமா என்னைக் கட்டிக்கிட்டே?

— உங்க முகாம்லேருந்து விடுதலையான ஒருத்தர் அக்காவைத் தேடி வந்து சொன்னாராம், "அங்க எங்களைப் பதமாத் தொட்ட கை உங்க தம்பியோடது ஒண்ணுதான்"னு. அதைக் கேட்டப்புறம்தான் நான் சரின்னே சொன்னேன்.